கண்ணாடி இல்லாத கேமரா

"கண்ணாடி இல்லாத கேமராவ வாங்கிட்டு, பெருமை வேறயா மாப்ள?"

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர்தான் இப்படிக் கேட்டார். பக்கத்தில் அவர் மச்சினன், கம்பெனிச் சட்டையோடு, புது கேமரா டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அது மிரர்லெஸ் மாமா. உள்ள இருக்கற கண்ணாடிதான் கிடையாது. அதனாலதான் வெயிட்டே இல்ல. இந்த மாடல் பெங்களூர்லயே இப்பதான் வந்திருக்கு."

"சரி, பாப்பா காதுகுத்து பத்து மணிக்கு. உன்ன நம்பி ஸ்டுடியோக்காரர வேணாம்னுட்டேன்."

"ஐயோ, ஏன் மாமா? லென்ஸே இன்னும் வாங்கல. எது நல்லதுன்னு ரெண்டு மாசமா பாத்துட்டிருக்கேன்."

"லென்ஸுன்னா?"

"முன்னாடி மாட்டற கண்ணாடி."

மாமா டப்பாவைப் பிடுங்கித் திறந்து, கேமராவின் மூடியைக் கழற்றினார். முன்னால் வெறும் ஓட்டை. விரலை விட்டுவிடுவாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப முன்னாடியும் கண்ணாடி இல்லயா! எதுக்குடா தூக்கிட்டு வந்த?"

"சாமிகிட்ட வச்சுப் பொட்டு வைக்கத்தான். கேமரா கொண்டாரேன்னுதான சொன்னேன்? நான் தாய்மாமன், பாப்பா என் மடியில உக்காந்திருக்கும். நான் எப்படிப் போட்டோ எடுக்கறது?"

மணி ஒன்பதரை ஆகியும் பஸ் உத்தனப்பள்ளியைத் தொடவில்லை. மாமா செல்போனை எடுத்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்களே வந்துருங்கண்ணா. தப்பா நெனைக்காதீங்க, ஒன்னே ஒன்னு கேக்கறேன். உங்க கேமராவுல கண்ணாடி இருக்குதுங்களா?"