பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

– அந்த அண்டாவைத் தொடாத புள்ள. விளிம்புல பேரப் பாரு, தமிழ்ச்செல்வின்னு வெட்டியிருக்கும். அது என்ர சீரு.

– சாரிக்கா. ரெண்டும் ஒரே சைஸா இருந்துச்சா, மாத்தி எடுத்துட்டேன். என்னோடது எங்க?

– உன்ரது பரண்ல இருந்து எறங்குனதே இன்னைக்குத்தானே. மினுமினுன்னு அந்த மூலையில கெடக்குது பாரு. மோனிஷாங்கற எழுத்து நேத்து வெட்டுனாப்பல இருக்குது. என்ரதுல பதினொரு வருசமா இந்த ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சோறு பொங்கிப் பொங்கிப் பாதிப் பேரு தேஞ்சே போச்சு.

– நீங்க உக்காருங்கக்கா, நான் கட்டிக்கறேன். வண்டி பத்து மணிக்குத்தான் வரும்.

– பரவால்ல. சின்ன மருமக தனிக்குடித்தனம் போறா, பெரியவ ஒரு கை புடிக்கலைன்னு நாளைக்கு நாயம் பேசுவாங்க. அந்த போட்டோவ இன்னொருக்கா காட்டு.

– எந்த போட்டோ?

– சேலத்து அஸ்தம்பட்டி ஊடுதான், வேற எது? இதா. மூணாவது மாடியா? சிலிண்டர் கொண்டாரவன் சாபம் உடுவான்.

– லிஃப்ட் இருக்குதுக்கா.

– ஓ. லிஃப்டும் இருக்குதா. சமையக்கட்டு சின்னது. ரெண்டு பேரு நின்னா இடிச்சுக்குவீங்க.

– நானும் உங்க கொழுந்தனாரும்தானேக்கா. இடிச்சுக்கிட்டாத்தான் என்ன?

– ஆமாமா, நீ சொல்லுவ. இங்க எட்டுத் தட்டு வெச்சுப்போட்டு நான் ஒக்காரும்போது கொழம்புல கத்திரிக்காக் காம்புதான் கெடக்கும். இதென்னது, சன்னலுக்குத் திரையா?

– ஆமாக்கா. மஞ்சள்ல பூப்போட்டது. ஆன்லைன்ல வாங்கினேன், வந்ததும் மாட்டிப் பாத்தோம்.

– கீழ ஆறு தறி ஓடுது. பகலும் ராவும் துணியா நெய்ஞ்சு தள்றோம். என்ர ரூம்புச் சன்னலுக்கு உங்க மாமாவோட பழைய வேட்டிதான். அந்த வாடகை ஊட்டுக்காரம்மா எப்படி? கெடுபிடியா?

– கொஞ்சம். செவுத்துல ஆணி அடிக்கக்கூடாதாம். பத்து மணிக்கு மேல மிக்சி போடக்கூடாதாம். சொந்தக்காரங்க ரெண்டு நாளைக்கு மேல தங்கக்கூடாதாம்.

– ஒறம்பரை தங்கக்கூடாதுன்னு எனக்கு ஆராச்சும் சொல்லியிருந்தா, கால்ல உழுந்து கும்புட்டிருப்பேன்.

– என்னக்கா, எம்மேல கோவமா?

– கோவமில்ல கண்ணு. வயிறு எரியுது. மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டேன். நீ இந்த ஊட்டுக்கு வந்து முழுசா ஒன்றரை வருசம் ஆவல. உனக்குத் தனி ஊடு, லிஃப்டு, மஞ்சத் திரை. நான் என்ன பாவம் பண்ணுனேன்?

– நீங்களும் போயிருக்கலாமேக்கா.

– நல்லாருக்குது நாயம். கேக்காமயா இருந்தேன்? கலியாணம் ஆகி ரெண்டாவது வருசம், பாலத்துக்கு அக்கட்டால, பவானியில ஒரு ஊடு பாத்தேன். இந்தக் குமாரபாளையத்துல இருந்து நடந்தே போயிரலாம். காலையில தறிக்கு வந்துட்டு சாயங்காலம் திரும்பிக்கலாம். அதுக்கே அத்தை முடியாதுன்னுட்டாங்க.

– அத்தையா? உங்ககிட்டயா சொன்னாங்க?

– எங்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க? தனிக்குடித்தனப் பேச்ச மருமக எடுக்கறதா? மகன்தான் கேக்கோணும். மருமக வாயத் தொறந்தா, வந்தவ குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டான்னு பேராயிரும். எங்கம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கித்தான் அனுப்புச்சு. அதனால உங்க மாமா போய்க் கேட்டாரு. அன்னைக்கிருந்து மூணு நாளு அத்தை ஒரு வாய் சோறு திங்கல. நானே கண்ணால பாத்தேன்.

– மூணு நாளும் ஒண்ணுமே சாப்பிடலயா?

– வெறும் கஞ்சித் தண்ணி. கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு மூலையில ஒக்காந்துக்கிட்டாங்க. அழுது அழுது மூஞ்சியே வீங்கிப்போச்சு. அதப் பாத்தப்பறம் எனக்கு எப்படிப் போவ மனசு வரும்?

– அக்கா, அது உங்க மூத்த பொண்ணு வயித்துல இருந்தப்பவா?

– ஆமா. உனக்கெப்படித் தெரியும்?

– போன தடவை எனக்குப் பல்லு வலின்னு அத்தைதானே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாங்க. அப்ப சொன்னாங்க. பேத்தி வயித்துல இருக்கறப்ப எனக்கும் கடவாப்பல்லு புடுங்கினாங்க, மூணு நாளு கஞ்சிதான், மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆயிருச்சுன்னு.

– பல்லா?

– பல்லுதான்க்கா.

– சும்மா இரு. அது வேற தடவையா இருக்கும். அத்தைக்கு என்ன, வாய் நெறையப் பல்லு. சரி, அதை உடு. ரெண்டாந் தடவ, புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப, திருச்செங்கோட்டுல பாத்தம். அப்பவும் உங்க மாமா கேட்டாரு. அம்மாவுக்குப் பிரசர் ஏறிப்போச்சு செல்வி, இனி அந்தப் பேச்சே வேண்டாம்னாரு. அன்னைக்கிருந்து அத்தைக்குக் கொழம்பத் தனியா எடுத்து வெச்சு உப்பில்லாமத்தான் ஊத்தறேன்.

– அத்தைக்குப் பிரசரே இல்லியேக்கா. சேலத்துல நான் வேலை பாக்கற லேப்ல நான்தானே போன மாசம் செக் பண்ணேன். பெரியவ எனக்கு மட்டும் ஏன் உப்பே போட மாட்டேங்கறா, எம்மேல என்ன கோவம்னு எங்கிட்ட கேட்டாங்க.

– அப்படியா கேட்டாங்க?

– சத்தியமாக்கா.

– சரி, உனக்கு மட்டும் எப்படிச் சம்மதிச்சாங்க? கொழுந்தனாரு போய் அழுதாரா?

– இல்லக்கா. நானே கேட்டேன்.

– நீயா? வாயத் தொறந்தா?

– எங்க ஆத்தூர்ப் பக்கம் அப்படியெல்லாம் கெடையாதுக்கா, யாரு வேணா கேப்பாங்க. தலைக்கு எண்ணெ தேச்சுவிட்டுக்கிட்டே, அத்தை, டெய்லி சேலத்துக்கு பஸ்ல போயிட்டு வந்தா இடுப்பே கழண்டுருது, அங்கயே ஒரு வீடு பாத்துக்கட்டான்னேன். பாத்துக்க சாமி, தண்ணி நல்லா வருதான்னு கேட்டுக்கன்னாங்க.

– அவ்வளவுதானா?

– இன்னொண்ணும் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

– சொல்லு.

– அவங்களும் சின்ன வயசுல தனியாப் போகணும்னு ஆசப்பட்டாங்களாம். அவங்க மாமியார் விடலயாம். மருமகளுங்க யாராவது கேட்டா நாம தடுக்கக்கூடாதுன்னு அப்பவே நெனச்சுக்கிட்டாங்களாம். பெரியவன் ஒரு நாளும் வந்து கேக்கல, செல்விக்கு இந்த வீடே போதும்போலன்னாங்க.

– ஒரு நாளும் கேக்கலன்னா சொன்னாங்க?

– அக்கா, அந்தத் தட்டைக் கீழ வைங்க. சுத்துன பேப்பரைக் கிழிச்சுக்கிட்டிருக்கீங்க.

– பதினொரு வருசமா அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்து நான் சிரிச்சுப் பேசல மோனிஷா. தீவாளி நோம்பிக்குச் சேல எடுத்துக் குடுத்தாக்கூட, இங்கயே கட்டிப்போடறதுக்குத்தான் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். உம்மேல பொறாமப்பட்டதுகூட, உன்ன மட்டும் அத்தை உட்டுட்டாங்களேன்னுதான்.

– மாமா படியேறி வராரு. இப்ப ஒண்ணும் கேட்டுறாதீங்கக்கா, வண்டி வர்ற நேரம்.

– நீ நகரு.

– ஏஞ்செல்வி, கட்டி முடிச்சாச்சா? வண்டிக்காரன் சந்து முக்குல நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கறான். ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?

– ஏனுங்க, பவானியில ஒரு ஊடு பாத்தமே, நாவகம் இருக்குதுங்களா?

– அதாச்சு ஒம்போது வருசம். இப்ப எதுக்கு அது? வண்டி நிக்குது.

– நிக்கட்டும். மோனிஷா, நீ எங்கயும் போவாத. அத்தைகிட்ட நீங்க என்னன்னு கேட்டீங்க? அந்த வார்த்தைய அப்படியே எனக்குச் சொல்லுங்க.

– அதான் அப்பவே சொன்னனல்ல. அம்மா அழுதாங்கன்னு.

– அவங்க சொன்னது வேண்டாங்க. நீங்க சொன்னதக் கேக்கறேன்.

– சின்னப் புள்ள முன்னால என்ன பேச்சு இது? கம்முனு இரு.

– அத்தை கோயில்ல இருந்து வார நேரந்தான். நானே கேட்டுக்கட்டுங்களா?

– வேண்டாம். அம்மாகிட்டப் போவாத.

– அப்படின்னா நீங்க சொல்லுங்க. கேட்டீங்களா, கேக்கலீங்களா?

– கேக்கல.

– திருச்செங்கோட்டு ஊட்டுக்கும்?

– அதுக்கும்.

– ஏனுங்க?

– கேட்டா, செரி போங்கன்னு சொல்லிப்போடுவாங்கன்னு தெரியும். அதான் கேக்கல.