ஐந்தாவது மூட்டை

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். நீள முடி வைத்திருப்பவர்கள் சுவரில் சாயாமல் உட்காருங்கள்... ஏனென்று பிறகு தெரியும். வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் இப்போதே விழுங்கிவிடுங்கள். அப்புறம் குமட்டினால் நான் பொறுப்பில்லை.

இரவு ஏழே முக்கால். காட்டுக்குள் போகிற மண் பாதை. கடைசி வீட்டைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர்... வழியில் ஒரு விளக்கு கிடையாது. வண்டியை ஓட்டியவன் என் சிநேகிதனின் சித்தப்பா மகன். ஏசி மெக்கானிக். பக்கத்தில் அவன் மனைவி, நீளப் பின்னலை முன்னால் போட்டு மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கெல்லாம் குளிர்ச்சி மாட்டிவிட்டு மொட்டை மாடி வெயிலில் வெந்தவன் அவன். கரன்ட், கம்பம், டவர் எதுவும் எட்டாத இடத்தில் மண்ணும் மரமுமாய் ஒரு வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "சின்ன வீடு கட்டுறியாமே" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். ஒன்றரை வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், தன் கையாலேயே கட்டினான். மனைவி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "ஒரே ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பேன். பிடிக்கலைன்னா வித்துடணும்" என்றாள். அந்த ஒரு ராத்திரிதான் இது.

அவளிடம் அவன் ஒன்றை மறைத்திருந்தான். சுவர்...

மண் பூச்சு காய்ந்தால் வெடிக்கும். முடி கலந்தால் வெடிக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தெரிந்த சலூன்காரர் நாலு மூட்டை தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் கடை வாசலில் ஐந்து.

"அஞ்சாவது என்னுது இல்லப்பா. யார் வச்சாங்கன்னே தெரியல. அதைத் தொடாதே" என்றார்.

இவன் சும்மா இருப்பானா? அவிழ்த்துப் பார்த்தான். அத்தனையும் முழங்கை நீளத்துக்கு மேல். சிக்கு. ஊசிப்போன எண்ணெய் நாற்றம்... நீளமாக இருந்தால் நன்றாகப் பிடிக்குமே என்று ஆசை. தூக்கி வந்துவிட்டான்.

ஈர மண்ணில் கொட்டி வெறுங்காலால் மிதித்தான். விரல் இடுக்கெல்லாம் முடி சுற்றிக்கொண்டது. மூன்று தடவை சோப்பு போட்டும் சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் அதே வாடை. சீ... அந்த மண்ணைத்தான் படுக்கையறைச் சுவரில் பூசினான். பஸ் சீட்டைக்கூடத் துடைத்துவிட்டு உட்காருகிறவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

உள்ளே நுழைந்ததுமே அவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க... மாசக்கணக்கா தலைக்குக் குளிக்காத யாராச்சும் இங்க படுத்திருந்தாங்களா?"

"புது மண்ணு அப்படித்தாம்மா இருக்கும்."

சுவரைத் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை முகர்ந்து, ஓங்கரித்து, வெளியே ஓடிக் கை கழுவினாள். ஆனாலும் வாக்குக் கொடுத்திருந்தாளே... பின்னலை அவிழ்த்துவிட்டு, சுவரோரமாகப் படுத்தாள். சோலார் விளக்கை அவன் அணைத்தான்.

எத்தனை மணியோ தெரியாது. சரக்... சரக்... சீப்பு முடியை இழுக்கிற சத்தம். அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள்தான் எழுந்து தலை வாருகிறாள், கோபம் தணிந்துவிட்டது, வீடு தப்பியது என்று நினைத்தான். பாவி மனுஷன், சந்தோஷமாகத் தூங்கிப்போனான்.

விடியற்காலையில் அவள் எழுப்பினாள்.

"ஏங்க... தலையைத் தூக்க முடியலைங்க."

டார்ச் அடித்தான். விரித்துப் போட்டிருந்த கூந்தல் பிடரியிலிருந்து நுனிவரை இறுக்கிப் பின்னியிருந்தது. நுனி சுவருக்குள் போயிருந்தது. மூன்று பிரிப் பின்னல். இரண்டு பிரி அவளுடையது. மூன்றாவது சுவரிலிருந்து வந்திருந்தது... எண்ணெய் வழிய, ஒரு சிக்கில்லாமல் வாரி. அதில் பேன் ஊர்ந்துகொண்டிருந்தது. பேன்! ரத்தம் ஓடுகிற தலையில்தானே அது உயிரோடு இருக்கும்?

"இது யார் முடிங்க?"

அப்போதுதான் மூட்டைக் கதையை எல்லாம் சொன்னான். அவள் படுத்த வாக்கிலேயே வாந்தி எடுத்தாள்.

தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்து, சுவரோரமாகப் பின்னலை வெட்டினான். வெட்டிய இடத்தில் சுவர் கசிந்தது. என்ன கசிகிறது என்று அவன் நின்று பார்க்கவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தான். பின்னலைப் பிரிக்கப் பிரிக்க அவன் கை கூசியது. அவளுடைய இரண்டு பிரியும் தோளில் சரிந்தன. மிச்சமிருந்தது அந்த மூன்றாவதுதான். வேரில்லாத முடி, தானாகக் கழன்று விழும் என்று நினைத்து, நுனியைப் பிடித்து இழுத்தான்...

"ஐயோ... வலிக்குதுங்க" என்றாள்.