தேர்ச்சி என்ற சொல்லுக்கு நான் செய்த துரோகம்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, பாராட்டுப் பத்திரம் வாசித்த கல்வி அதிகாரி அவர்களே, என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு என்னோடு உழைத்த ஆசிரியப் பெருமக்களே, வயதையும் வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, அரைநாள் வேலையை விட்டுவிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் தலைகுனிந்த வணக்கம். தலைமையாசிரியன் ஏன் தலைகுனிகிறான் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். "ஏழாவது ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி." தேர்ச்சி! எப்பேர்ப்பட்ட சொல் அது! தெரியாததைத் தெரிந்து, தவறியதைத் திருத்தி, கையும் கருத்தும் பழகிப் பழகி, இனி இவளால் முடியும் என்று நாலு பேர் நம்புகிற நிலைக்குப் பெயர் தேர்ச்சி. அந்தச் சொல்லை நான் என்ன செய்தேன்? சதவீதமாக்கினேன். சுவரொட்டியாக்கினேன். சேர்க்கைக்கு விளம்பரமாக்கினேன்.

கைதட்டாதீர்கள் ஐயா, முன்வரிசையில் இருப்பவரே. இது அதற்கான இடம் அல்ல.

நூறு எப்படி வந்தது தெரியுமா? தேறாதவரைத் தேற்றியா வந்தது? இல்லை. தேற மாட்டார் என்று எனக்குத் தோன்றியவரைத் தேர்வுக்கு முன்பே பட்டியலிலிருந்து நீக்கி வந்தது. ஆண்டுக்கு ஐந்தாறு பேர். பெற்றோரை அழைப்பேன். கடிதம் தயாராக இருக்கும். "உடல்நலக் குறைவு காரணமாக என் மகளால் இந்த ஆண்டு தேர்வு எழுத இயலவில்லை." கீழே ஒரு கையெழுத்து. காரியம் முடிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயை அப்படி அழைத்தேன். சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவர். மகளுக்குக் கணக்கில் இருபத்தெட்டு மதிப்பெண். அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"சார், என் பொண்ணு நல்லாத்தானே இருக்கா? உடம்பு சரியில்லன்னு போட்டிருக்கே."

"சும்மா ஒரு வழக்கம்மா. போடுங்க."

போட்டார். சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போட்டார். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், என் அறைக்குப் பளபளவென்று தரை போட ஓடு வாங்கப் போனேன். கடையில் அந்த அம்மாவின் மகள் வேலைக்கு நிற்கிறாள். அறை பதினாலுக்குப் பதினொன்று என்றேன். "ரெண்டடி ஓடு முப்பத்தொன்பது வேணும் சார். வெட்டுறதுல உடையறதுக்கு நாலு. பெட்டிக்கு நாலு ஓடு, பதினோரு பெட்டி போதும்" என்றாள். தாள் இல்லை, பேனா இல்லை. நான் வீட்டுக்கு வந்து கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் கணக்கு வாத்தியார்தான்.

ரசீதைக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சார், எனக்கு அப்போ என்ன நோய்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

திரும்ப வாம்மா, தேர்வு எழுது என்றேன். "ஆசைதான் சார். ஆனா எனக்கு வயசு பதினேழு, அம்மா கையெழுத்து வேணும். அவங்க இனி எந்தத் தாள்லயும் போட மாட்டாங்க. பொய்யின்னு தெரிஞ்சே போட்டுட்டோமேன்னு, எனக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாக்கூட உக்காந்து அழுவாங்க" என்றாள்.

பெற்றவள் கையாலேயே பிள்ளைக்கு நோய் எழுத வைத்தேனே, நான் ஆசிரியனா? அதிகாரி அவர்களே, முகம் சுளிக்காதீர்கள். நூறுக்காகத் தரும் இந்தக் கேடயத்தை நான் வாங்கப் போவதில்லை. இந்த ஆண்டுக்காக எழுதி வைத்த ஆறு கடிதங்களையும் இன்று காலை கிழித்துவிட்டேன். ஆறு பேரும் தேர்வு எழுதுவார்கள். இந்த முறை நூறு வராது. தாளாளர் என்னை வீட்டுக்கு அனுப்பினால், அது நியாயம்தான்.

அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று வீட்டுக்குப் போய் அழைத்தேன். அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெருமையை மேடையில் பேசிவிட்டு மன்னிப்பை மூலையில் கேட்பதா?

அம்மா, நான் செய்தது தப்பு. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். உங்கள் சம்மதக் கடிதத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் போட மாட்டேன் என்றாலும்...

என்னம்மா? ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கள் தம்பி.

"நீங்க எழுதினது வேணாம் சார். வெறுந்தாள் குடுங்க. நானே எழுதறேன்."

கேட்டீர்களா அவையோரே? இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? தாளோடு கீழே இறங்கி வருகிறேன். இதுவரை பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. அவர் எழுத்துக் கூட்டி எழுதுவார், நேரமாகும். எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.