மீன் வேண்டாம், தண்ணி போதும்

இல்லண்ணே, அந்த ஆரஞ்சு மீனும் வேணாம், இந்த நீல மீனும் வேணாம். மீனே வேணாம்னுதான் வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கேன். தொட்டி வேணும், அதுக்குக் கீழ வைக்கிற சின்னத் தொட்டி வேணும், கல்லு, மணல், உப்பு, மோட்டார், லைட்டு. உயிரோட எதுவும் வேணாம். ஏண்ணே அப்பிடிப் பாக்குறீங்க, மீன் கடைக்கு வந்து மீன் வேணாங்குற பொம்பளையப் பாத்ததில்லையா?

எனக்கில்லண்ணே, வீட்டுக்காரருக்கு. எனக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. நான் வேலை மாத்தலாகி முன்னாடியே வந்துட்டேன், அவர் இன்னும் பழைய நாட்டுலதான் இருக்காரு. அவர் வந்து இறங்குறப்ப வீட்ல உப்புத்தண்ணித் தொட்டி ஓடிட்டிருக்கணும், மீன் விடுற மாதிரி தண்ணி பழகியிருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். எப்ப வர்றாரா? வருவாரு. அது கிடக்கட்டும், அந்த மணல் மூட்டையை இறக்குங்க, பாக்குறேன்.

நம்ம பாஷை பேசுற ஆளு இங்க பவளம், கோரல்னு கடை வெச்சிருப்பாருன்னு நான் கனவுல கூட நெனைக்கல. நல்லதாப் போச்சு. இத்தனை நாளா இதையெல்லாம் திட்டணும்னா கூட இங்கிலீஷ்லதான் திட்ட வேண்டியிருந்துச்சு, ஒரு திருப்தியே இல்ல.

எனக்கு லிஃப்ட் கம்பெனியில வேலைண்ணே. எங்க உயரமாக் கட்டுறாங்களோ அங்க கொண்டுபோய் விட்ருவாங்க. மாட்டி, ஓட்டிப் பாத்து, கையெழுத்துப் போட்டுட்டா அடுத்த நாடு. அவருக்குப் பாடப் புஸ்தகத்துக்குப் படம் வரையிற வேலை. இதயம், நுரையீரல், தவளையோட வயிறு, இந்த மாதிரி. கம்ப்யூட்டர் இருந்தா எங்க வேணா உக்காந்து வரையலாம். கோடு மட்டும் அவர் போடுவாரு, கலர் வேற ஆளு அடிப்பாங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன், சிரிக்கக் கூடாது.

மொத மொதல்ல இந்த வியாதி தொத்தினது ஒரு வெயில் நாட்டுல. சும்மா உக்காந்திருந்தாலே முதுகுல தண்ணி ஓடும், அப்பேர்ப்பட்ட வெயிலு. இவரு கோரல் வளக்குறது எப்பிடின்னு வீடியோ பாத்தாரு. பேசுறவன் பூராப் பேரும் குளிர் நாட்டுக்காரன், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பேசுறான். தொட்டிக்கு ஹீட்டர் ரொம்ப முக்கியம்னு சொல்லிட்டான். நம்ம ஆளு என்ன பண்ணாரு? போய் ஹீட்டர் வாங்கிட்டு வந்துட்டாரு. நான் மின்விசிறிக்கு நேரா உக்காந்து செத்துக்கிட்டிருக்கேன், இவரு தண்ணிக்குச் சூடு வெக்கிறாரு. கேளுங்க, அதோட முடியல. அந்த ஹீட்டர்ல ஒரு சிவப்பு விளக்கு. அது எரியவே மாட்டேங்குது, ரிப்பேரு, ஏமாத்திட்டான்னு கடைக்கு எடுத்துட்டுப் போய் ஒரே சண்டை. கடைக்காரர் பொறுமையாக் கேட்டுட்டு, சார், உங்க வீட்டுத் தண்ணி ஏற்கனவே வெந்துபோய் கிடக்கு, அது எதுக்கு எரியணும்னாரு. 

அப்புறம் ஹீட்டர் போயி ஐஸ் வந்துச்சு. ஃப்ரீஸர்ல பாட்டில் பாட்டிலாத் தண்ணி உறைய வெச்சு, மதியத்துல தொட்டிக்குள்ள மிதக்க விடுவாரு. எங்க வீட்ல ஏசி ஹால்ல, எங்களுக்காக இல்ல. நாங்க போய் மீன் காலடியில படுத்துக்கிட்டோம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த நாட்டு ஆளுங்க ஜாலியானவங்க. உப்பு விலைக்கு வாங்கவே மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா நாலு பேர் டிரம்மைத் தூக்கி வண்டில போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போயிருவாங்க, மொண்டு கொண்டு வந்து ஊத்துவாங்க. எதைக் கேட்டாலும் ஒண்ணும் ஆகாது, போடுங்கம்பாங்க. மழை பெஞ்ச மறுநாள் கடல் தண்ணி எடுக்கலாமா? ஒண்ணும் ஆகாது. எடுத்தாரு, உப்பு செத்த தண்ணி, பாதி ஜீவன் போயிருச்சு. அப்பவும் வந்து துக்கம் விசாரிச்சுட்டு, அடுத்த வாரம் புதுசு போட்ருவோம், ஒண்ணும் ஆகாதுன்னுட்டுப் போனாங்க. எனக்குத்தான் புரியல. சன்னலைத் தெறந்தா கடலு, சும்மா நின்னு பாத்துட்டு வரலாம். அதைச் சுமந்துட்டு வந்து கூடத்துல வெச்சு, பல்பு போட்டுப் பாக்கணுமா?

அடுத்தது குளிர் நாடு. அந்த வீடியோக்காரன் நாடுதான்னு வெச்சுக்கோங்களேன். அங்க கடைக்குப் போனா, மீன் வாங்க வந்திருக்கோமா பொண்ணு கேட்டு வந்திருக்கோமான்னு சந்தேகம் வந்துரும். தொட்டி எத்தனை லிட்டர், எப்ப வெச்சீங்க, தண்ணி கொண்டு வந்தீங்களா, என்ன வேலை பாக்குறீங்க, வெளியூர் போனா யார் பாத்துப்பா? எல்லாம் கேட்டுட்டு, உங்க தொட்டிக்கு இன்னும் வயசு பத்தலை, போய்ட்டு வாங்கன்னுட்டான். காசை நீட்டிக்கிட்டு நிக்கிறோம், மாட்டேங்குறான். எனக்கு மூக்கு மேல கோவம். இவரு வெளிய வந்து, என்ன மனுஷன் பாத்தியான்னு உருகுறாரு.

அங்க கடல் ரொம்ப தூரம். உப்பு வாளில வரும், நாமளே கரைக்கணும். நான் வேலை முடிஞ்சு கிரீஸும் அழுக்குமா வந்து, குளிக்கிற தொட்டி ரொம்பியிருக்கே, என் புருஷனுக்கு என்ன பாசம்னு காலை விட்டேன். கால்ல அங்கங்க சிராய்ப்பு வேற, சுரீர்னுச்சு. கத்தினேன். ஓடி வந்தாரு. வந்து என்ன கேட்டாருங்குறீங்க? கால்ல சோப்பு ஏதாச்சும் போட்டிருந்தியான்னு.

இன்னொண்ணு. தொட்டியில வேண்டாத பூ ஒண்ணு முளைக்கும்ல, களை மாதிரி, மத்த கோரலையெல்லாம் கொட்டிக் கொல்லும். வெயில் நாட்டுல அதை நாங்க ஆசை ஆசையாக் காசு குடுத்து வாங்கினோம், அழகாருக்குன்னு. குளிர் நாட்டுல அது இருக்குன்னு சொன்னாலே எவனும் வீட்டுக்கு வர மாட்டான். எலுமிச்சம்பழச் சாறை ஊசில எடுத்து அது மேல ஏத்தணும்னு கோரல் வளக்குறவங்க சங்கத்துல சொல்லியிருக்காங்க. இவரு மருந்துக்கடைக்குப் போய், ஊசி மட்டும் குடுங்க, மருந்து வேணாம்னு நின்னிருக்காரு. அந்தப் பொண்ணு எதுக்குன்னு கேட்டிருக்கு. எலுமிச்சம்பழம் ஏத்தன்னு சொல்லியிருக்காரு. அது பாவம், தனியா கூப்பிட்டு உக்கார வெச்சு, வெக்கப்படாதீங்க, இந்தப் பழக்கத்துலேருந்து வெளிய வந்துரலாம்னு ஒரு போன் நம்பர் குடுத்து அனுப்பியிருக்கு.

ஆமாண்ணே, அந்த டெஸ்ட் பெட்டியும் எடுத்து வைங்க. அதுல எனக்கு நல்லாப் பழக்கம். அங்கதான் பழகினேன். சின்ன பாட்டில்ல சொட்டு விட்டுக் குலுக்கி, அட்டையோட வெச்சு என்ன கலர்னு பாக்கணும். இப்பச் சொல்றேன், சிரிக்காதீங்க: அவருக்குக் கலர் தெரியாது. பொறவிலேருந்தே. மஞ்சளும் இளம்பச்சையும் ஒண்ணு, செவப்பும் பழுப்பும் ஒண்ணு. உலகத்துலயே கலருக்குன்னு ஆசைப்பட்டு வளக்குற ஒரே ஜீவனை, கலர் தெரியாத ஒருத்தர் வளக்குறாரு. நான்தான் ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நின்னு சொல்லணும். இது மஞ்சள், பயப்படாதீங்க. இது பச்சை, தண்ணி மாத்துங்க. புதுக் கோரல் வந்தா ஒரு மணி நேரம் வர்ணிக்கணும். நடுவுல ஊதா, ஓரத்துல பச்சை, நுனில உலகத்துலயே இல்லாத ஒரு ரோஸு. கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாரு. இப்பவும் அவர் இருக்குற எடத்துலேருந்து அந்த பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்புறாரு. நான் பத்து எஞ்சினியர் நடுவுல மீட்டிங்ல உக்காந்துக்கிட்டு, மேசைக்கு அடியில போன்ல மஞ்சள், மஞ்சள்னு அடிச்சு அனுப்புறேன்.

மூணாவது நாடு, இப்ப அவர் இருக்குற நாடு. எல்லாமே சின்னது. வீடு சின்னது, தொட்டி சின்னது, ஒரு சொம்பு அளவுல கூட வெச்சிருக்கான். அதுக்குள்ள ஒரு கோரலு, ஒரு இறாலு. அவ்வளவுதான், கூட்டம் கிடையாது. கடல்ல எடுத்த கல்லை விக்கக் கூடாதாம், செஞ்ச கல்லுதான். பெரிய தொட்டி வைக்கணும்னா தரை தாங்குமான்னு கட்டடத்து ஆளு வந்து பாப்பான், கீழ்வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஒருத்தர் வீட்டுத் தொட்டியைப் பாக்கக் கூப்பிட்டாங்கன்னு இவரோட போனேன். ஏழெட்டுப் பேரு வரிசையா உக்காந்து அந்தச் சொம்பைப் பாக்குறாங்க. யாரும் வாயைத் தெறக்கல. துக்க வீடோன்னு நெனச்சுட்டேன். டீ குடுத்தாங்க, குடிச்சோம், எந்திரிச்சு வந்துட்டோம். பேசாம இருந்து எனக்கு வாய் ஊறலெடுத்துப் போச்சு. வெளிய வந்து இவரைப் பாத்தா, முகமெல்லாம் அப்பிடி ஒரு அமைதி. இப்படி ஒரு சாயங்காலம் என் வாழ்க்கையிலயே இல்லைன்னாரு. நான் பேசாத சாயங்காலத்தைத்தான் சொல்றாருன்னு எனக்கு வெளங்காமலா இருக்கு.

அங்கதான் அவருக்கு எல்லாம் கூடி வந்துச்சு. கோரல் குட்டி போட்டுச்சு, கல்லெல்லாம் பரவிச்சு. சங்கத்துல இவரைக் கண்டா எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க. அப்பப் பாத்து எனக்கு மாத்தல் ஆர்டர் வருது, இந்த ஊருக்கு.

கூடக் கொண்டு வரலாம்லன்னு கேக்குறீங்களே, கடை வெச்சிருக்குற நீங்க கேக்கலாமா? கோரலுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் அனுமதி வாங்கி, பேப்பர் வாங்கி, பெட்டில அடைச்சு, அது உயிரோட வந்து சேர்றதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்துரும். கொண்டு வரவே முடியாதுண்ணே. வெயில் நாட்டுலேருந்து கிளம்புறப்ப ஒரு தொட்டியைக் குடுத்தாரு. குளிர் நாட்டுலேருந்து கிளம்புறப்ப இன்னொண்ணு. வீடு வீடா கொண்டு போய் அவரே எறக்கி வெச்சுட்டு, வெறுங்கையோட வந்து எனக்கு முன்னாடி பெட்டி கட்டி முடிச்சிருப்பாரு. ஒரு வார்த்தை மொணமொணத்தது இல்ல. புது ஊர்ல போய், மொத வேலையா குழாய்த் தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டு, காலித் தொட்டியைக் காலி ரூம்ல வெச்சுட்டு, தண்ணி பழகுற வரைக்கும் ஒண்ணரை மாசம் வெறும் தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் கிண்டல் பண்ணுவேன். எதைப் பாக்குறீங்க, தண்ணி ஓடிப் போயிருமான்னு.

அதான் எப்ப வர்றாருன்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. வரேன்னே சொல்லலண்ணே.

இப்பத்தான் கோரல் ஒட்டிப் பிடிச்சிருக்கு, நீ போ, பாக்கலாம்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க. நானா அந்தத் தொட்டியா, இப்பவே ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டுட்டேன். கேட்ட நேரத்துல மோட்டார்ல ஏதோ கரகரன்னு சத்தம். அவர் தலையைத் திருப்பி அதைப் பாத்தாரு. நான் பெட்டியை மூடிட்டேன்.

வந்து மூணு மாசம் ஆச்சு. தினமும் போன் பேசுறோம், சண்டையெல்லாம் இல்ல. கோரல் எப்படி இருக்குன்னு அவர் சொல்வாரு, லிஃப்ட் எத்தனாவது மாடி வந்துச்சுன்னு நான் சொல்வேன். சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாரு, அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. வீடு எப்படி இருக்குன்னு கேக்கல. ஊர் எப்படி இருக்குன்னு கேக்கல. போன வாரம், வைக்கிறேன்னு சொல்லிட்டு வைக்காம இருந்தாரு. நானும் வைக்கல. அப்புறம், அங்க குழாய்த் தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டாரு.

ஆமாண்ணே, அவ்வளவுதான் கேட்டாரு. அழுகையா வந்துச்சு எனக்கு, போனை வெச்சுட்டு நல்லா அழுதேன். இந்த ஊரைப் பத்தி அவர் கேட்ட மொதக் கேள்வி அது. உங்களுக்கு அது தண்ணியா இருக்கலாம், இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு வேற மாதிரிதான் கேக்கும்.

நாளைக்குச் சொல்றேன்னு சொல்லி ஒரு வாரமா இழுத்துட்டிருக்கேன். இந்தாங்க, இந்த பாட்டில்ல இருக்குறது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, காலைல பிடிச்சேன். டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நல்லா இருந்தா சொல்லுங்க. மோசமா இருந்தா சொல்லாதீங்கண்ணே, அதைச் சுத்தம் பண்ற மெஷின் எதுன்னு மட்டும் சொல்லுங்க, அதையும் சேத்து எடுத்துக்கிறேன்.