ஒண்ணு விடாம சொல்லிப்புடுறேன்

அதுக்குள்ள பானெட்ட மூடிட்டீகளே தம்பி, ஏசியப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லயே. அது குளுராது. சூடாத்தான் வரும். எழுதிக்கங்க. நீங்களே பாத்துக்குவீக, தெரியும். ராமநாதபுரத்துல மருதுபாண்டி மெக்கானிக்குன்னா காரப் பாத்த மாத்திரத்துல அதோட பூர்வீகத்தயே சொல்லிப்புடுவாருன்னுதான எங்க மச்சான் ஒங்கள அனுப்பிருக்காக. ஆனா விக்கிறது நாங்கதான? குறைய மறைச்சு விக்கிறது ஹராம், லத்தீபா, ஒண்ணு விடாம சொல்லிப்புடுன்னு சவுதியில தம்மாம்லருந்து போன் போட்டுப் போட்டுச் சொல்றாக. புருசன் சொல்லு கேக்கணுமா இல்லயா?

அதான் வாரவக போறவககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்ட வத்திப்போச்சு. ஒருத்தரும் எடுக்கல. இம்புட்டுக் குறையா இருக்கு, ஒரு மெக்கானிக்க விட்டுப் பாப்போம்னு இப்ப ஒங்கள அனுப்பிட்டாக.

எதுக்கு விக்கிறோமா? லீவுல வந்து ஆசயா எடுத்தாக. தொண்டிக்குள்ள ரெண்டு கல்யாணத்துக்குப் போனோம், அம்புட்டுத்தான், லீவு முடிஞ்சு பொறப்புட்டாக. கொஞ்ச மாசம் கழிச்சு, ஓட்ட ஆளில்ல, கடக்காத்துல நின்னு துருப்புடிச்சுப் போகும், வித்துருன்னுட்டாக.

மொதல்ல பாம்பன்லருந்து ஒரு கருவாட்டு யாவாரி வந்தாரு. நான் ஏசியத்தான் மொதல்ல சொன்னேன். அனலா அடிக்கும்ணே, உள்ள உக்காந்தா வெந்து போவீகன்னேன். அந்த மனுசனுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. மழக்காலத்துல வெயிலில்லாம கருவாடு காய மாட்டேங்குது தங்கச்சி, சீட்டக் கழட்டிப்புட்டு நெத்திலியப் பரப்பிவிட்டா உள்ளயே காஞ்சிருமேங்குறாரு. அன்னைக்கே முன்பணத்த நீட்டிட்டாரு. நான் எப்புடித் தப்பிச்சேன்ங்குறீக? எங்க பூனைக இதுக்கு அடியிலதான் குட்டி போட்டுக் கெடக்குன்னேன். மெய்யாத்தான் கெடந்துச்சு, பொய்யில்ல. கருவாட்டு யாவாரி பூனைன்னா நிப்பாரா?

அப்புறம் அக்காள்மடம்ங்குற ஊர்லருந்து ஒருத்தரு வந்தாரு. இவருகிட்ட, புயலப்ப கடத்தண்ணி வாசல் வரைக்கும் வந்து சக்கரத்த நனைச்சுச்சுன்னேன். அவரு கூட்டியாந்த மச்சினன் பொசுக்குன்னு காருக்கு அடியில நொழஞ்சு, நாக்க நீட்டி ஒவ்வொரு கம்பியா நக்குறாரு. வல்லாஹி, என் கண்ணால பாத்தேன். நக்கிப்புட்டு உள்ளருந்தே கத்துறாரு, உப்புக் கம்மியாத்தான் இருக்கு மச்சான்னு. எங்க மாமி அடுப்படியில ஆணம் காச்சிக்கிட்டு இருந்தாக. ருசி பாக்காமலே என் ஆணத்துல உப்பில்லங்குறது யாருன்னு கரண்டியோட வெளிய வந்துட்டாக. அந்தாளு காருக்கு அடியிலருந்து தலைய நீட்டுறாரு, மாமி கரண்டிய நீட்டுறாக. அப்புறம் எங்கிட்டு யாவாரம் பேச?

என்ன, சீட்டு பெல்ட்ட முழுசா உருவிப் பாக்குறீக? மண்ணு ஒட்டியிருக்கான்னா? ஒட்டாது, வண்டிக்குள்ள தண்ணி வரலயே. கார்ல ஒயரு சொருகிப் போன்ல பாத்தீகளே, அதுல என்ன சொல்லுது? எல்லாம் சரியா இருக்கா? இன்சூரன்ஸ்ல ஒரு கிளெய்மும் இல்லயா? அடிபட்ட வண்டியே இல்லங்குறீக. அது எப்புடித் தம்பி, இடது பக்கம் கீறல் இருக்கு பாருங்க. தென்னமரம். மரமா வந்து இடிக்கல, அது பாட்டுக்கு நின்னுச்சு.

டயரா? நிக்கிற வண்டியில டயரு எப்புடித் தேயும்னு என்னயக் கேட்டா? இங்கன காத்து ரொம்ப அடிக்கும் தம்பி.

சீட்டு முன்னாடி இழுத்து அப்புடித்தான் இருக்கும், பின்னாடி தள்ளாதீக. ஆமா, எங்க மச்சான் ஆறடிதான். அவுக இதுல உக்காந்தா முட்டி மோவாயில இடிக்குந்தான். தலவாணியும் நாந்தான் வச்சேன். எதுக்குன்னா... நீங்க போலீசு வேலைக்குப் போயிருக்கலாம்.

சரி, எல்லாத்தயும் விடுங்க. பெரிய குறை ஒண்ணு சொல்றேன், இதுக்கப்புறம் நீங்களே இந்தக் கார் வேணாம்னுருவீக. ரிவர்ஸ் விழுகாது. ஒரு தடவ கூட விழுந்ததில்ல. உசுரக் குடுத்து இழுத்தாலும்...

அல்லாவே. விழுந்துருச்சு.

எப்புடித் தம்பி? இன்னொருக்க பண்ணுங்க. மெதுவா, மெதுவா. அந்தக் கியர் குமிழுக்குக் கீழ இருக்குற வளையத்த மேல தூக்கிட்டுத் தள்ளணுமா? அம்புட்டுத்தானா? அத ஒருத்தரும் சொல்லலயே! டிரைவிங் ஸ்கூல் கார்ல சும்மா கீழ இழுத்தாலே விழுந்துச்சே!

ஆமா. ஓட்டுறேன். நாந்தான் ஓட்டுறேன். லைசென்ஸ் இருக்கு, காட்டவா? ரிவர்ஸ் மட்டுந்தான் கெடயாது. எங்க சந்து ரெண்டு பக்கமும் தொறப்பு, பள்ளிவாசப் பக்கமா வந்து கடற்கரப் பக்கமா போயிருவேன். எடத்தத் தாண்டிட்டேன்னா திரும்ப மாட்டேன், அப்புடியே போயி ஊரச் சுத்திக்கிட்டு மறுபடி வருவேன். ஒருநா ஐஸ் லாரி எதுக்க வந்துருச்சு. அவன் ஆரன் அடிக்கிறான், நான் அசையல. இந்தம்மாவுக்கு எம்புட்டு வீம்புன்னு ஊரே பேசுச்சு. வீம்பா? வழி தெரியாம உக்காந்திருந்தேன். அவந்தான் சந்து முழுக்கப் பின்னாடியே போனான்.

சிரிக்காதீக. பக்கத்து வீட்டு ஜஸீலாவுக்கு வலி எடுத்தப்ப ஆட்டோ கெடைக்கல, அவ புருசன் கடலுக்குப் போயிருந்தான். யாரு தூக்கிப்போட்டுக்கிட்டு ராமநாதபுரம் போனா? ஆஸ்பத்திரி வாசல்ல வாச்மேன், வண்டியப் பின்னாடி எடும்மாங்குறாரு. எடுக்கத் தெரியாதுண்ணேன்னு அழுதேன். ஜஸீலா வலியோட எந்திரிச்சு அந்தாள வஞ்சா பாருங்க, கேட்டெல்லாம் தானாத் தொறந்துச்சு. மாஷா அல்லா, பொம்பளப்புள்ள. இப்ப இந்தச் சந்துல எந்தப் பொம்பளைக்கு எங்க போகணும்னாலும் என் வாசல்லதான் வந்து நிக்கிறாக. இத நான் விக்கிறதா?

மச்சான்கிட்ட ஏன் சொல்லலயா? அவுக பயந்த சுபாவம் தம்பி. ஆட்டோவுல போனாலே நடுவுல உக்காருன்னு சொல்ற மனுசன். லைசென்ஸ் வரட்டும், சொல்லுவோம்னு இருந்தேன். வந்துச்சு. அப்புறம் ரிவர்ஸ் வரட்டும், முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். அது வரவே இல்ல. அதுக்குள்ள வித்துருன்னுட்டாக.

எறங்குங்க. அந்தப் பக்கம் ஏறுங்க. நான் ஒருக்க எடுத்துப் பாக்குறேன். வளையத்தத் தூக்கி... தள்ளி... தம்பி, போகுது! பின்னாடி போகுது! மாமி, கோழியப் புடிங்க, நான் பின்னாடி வாரேன்!

ஒங்க போன் அடிக்குது பாருங்க. தம்மாம் நம்பரா? நீங்க எடுக்காதீக. இங்கன குடுங்க, நான் பேசுறேன்.

ஹலோ மச்சான். ஆமா, லத்தீபாதான். மெக்கானிக் இங்கனதான் இருக்காரு. மேல இருக்குற கைப்புடிய ஏன் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு தெரியல. வண்டியில ஒரு குறையும் இல்லயாம். நானா? காருக்குள்ளதான் இருக்கேன். இல்ல, பின்னாடி இல்ல, முன் சீட்டுல. இல்ல மச்சான். வலது பக்கம்.