மைத்துனனின் கீழ்க்கால் எலும்பு

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம், ஐயா. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்பக்கத்துக் கால் ஒன்று குட்டை. ஒவ்வொரு முறை எழுதக் குனியும்போதும் டக்கென்று சத்தம் போடுகிறது. கருவிப்பெட்டி கையில் இருந்தால் நானே சரிசெய்து தந்திருப்பேன். அதைத்தான் நீங்கள் பறிமுதல் செய்து வைத்திருக்கிறீர்கள். ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுங்கள், இப்போதைக்குத் தாங்கும்.

இனி என் வேலை. நான் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கருவி செய்பவன். உடைந்த எலும்பு எப்படி ஒட்டுகிறது என்று எங்கள் கூடத்தில் பார்க்கிறார்கள். அதற்கு முதலில் எலும்பு உடைந்திருக்க வேண்டும். எலி தானாக எங்கேயாவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டு நம்மிடம் நொண்டி வராது. ஆகவே ஒடிப்பான் என்று ஒன்று செய்தேன். கீழே இரண்டு தாங்கிகள், அவற்றின்மேல் மயக்கத்தில் இருக்கும் எலியின் கால், காலுக்கு மேலே மழுங்கிய ஒரு தகடு. குழாய் வழியாக ஒரு எடைக்கட்டி இறங்கித் தகட்டின் தலையில் தட்டும். எலும்பு உடைந்த மறுகணமே தகடு ஒரு தடுப்பில் முட்டி நின்றுவிடும், தோலுக்கும் சதைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தத் தடுப்பு என் யோசனை. மற்றவர்கள் உடைத்தால் எலும்பு கண்டபடி நொறுங்கும். நான் உடைத்தால் குறுக்கே ஒரே கோடுதான்.

இரண்டாவது கருவிக்கு அசைப்பான் என்று பேர். உடைந்த காலின்மேல் கட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எலும்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் எலிகளில், சும்மா கிடந்த எலும்பைவிட லேசாக ஆட்டிய எலும்பு சீக்கிரம் ஒட்டியது. ஒடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் ஒரே ஆளிடம் கருவி இருப்பது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தலைமை ஆய்வாளர் அம்மாவுக்கு அது போதவில்லை. “எலிக்கு ஒட்டிடுச்சு, ரொம்ப சந்தோஷம். மனுஷனுக்கு ஒட்டும்னு என்ன நிச்சயம்? ஒரே ஒரு மனுஷக் காலைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னதாக இப்போது சொல்கிறாராம். மேலதிகாரி சொன்னால் நான் வேலையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் என் மைத்துனன் எங்கள் வீட்டில் இருந்தான். என் மனைவியின் தம்பி. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், சோபாவில் வேர்விட்டுவிட்டான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. நல்ல உடல்கட்டு, குடிப்பழக்கம் கிடையாது, சிகரெட் கிடையாது, வைத்த இடத்தில் இருப்பான், போட்டதைச் சாப்பிடுவான். எலிகளுக்கு நாம்தான் படுக்கை மாற்ற வேண்டும். இவன் தன் போர்வையை எப்போதாவது தானே உதறினான். இப்படி ஒரு சோதனை மாதிரி கிடைக்க மற்ற ஆய்வுக்கூடங்கள் தவம் கிடக்கின்றன.

அதோடு அவன் காது கொடுத்துக் கேட்பவன். என் மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. “சாப்பிடுற இடத்துல எலி, எலும்புன்னு ஆரம்பிக்காதீங்க” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அவனோ தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, “அந்த முரட்டு எலி இப்ப நடக்குதா அத்தான்?” என்று கேட்பான். வேலை முடிந்து திரும்பும்போது, இன்றைக்கு அவனிடம் எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். சில நாள் பேருந்தைக்கூடத் தவறவிட்டிருக்கிறேன். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டு நிலவரம் கேட்டீர்களே என்று சொன்னேன்.

பிறகு அவனுக்குச் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. போனால் வருஷக்கணக்கில் திரும்ப மாட்டான். மனைவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நானும் அவன் முதுகில் தட்டி வாழ்த்தினேன். அவன் கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் மனுஷக் காலுக்கென்று நான் செய்துவந்த பெரிய ஒடிப்பானும் தயாரானது. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்.

அனுமதி வாங்கினாயா என்று கேட்டீர்கள். ஒரு எலியின் மேல் கை வைப்பதென்றால் ஒரு குழு கூடி, டீ குடித்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். மைத்துனன் விஷயத்துக்கு அப்படி ஒரு குழு இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் நிச்சயமாகப் போயிருப்பேன்.

ஆனால் குழுவின் விதிகளை நான் மீறவில்லை. உடைப்பதற்கு முன்பே வலி மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. பாலில் கலந்து கொடுத்தேன், தூங்குவதற்கும் சேர்த்து. மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் எப்படியும் தூங்குகிறவன்தான். வேலை எளிதாக முடிந்தது. அதற்கப்புறம் அவனைப் போர்வையில் வைத்துக் குளியலறைவரை இழுத்துப் போனதில்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு ஒரு வசதியும் குறை வைக்காமல் சாப்பாடு போட்டவன் நான், யாரைக் குறை சொல்வது. தரையில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கண் விழித்ததும், வழுக்கி விழுந்துவிட்டாய் என்றேன். மறுநாளே வந்தவர்களிடம் எல்லாம் தான் எப்படி வழுக்கினேன் என்று கைகால் ஆட்டி விளக்க ஆரம்பித்துவிட்டான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி உடைஞ்சிருக்கு. குடுத்து வெச்சவர்” என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த சில மாதங்கள் நன்றாகப் போயின. காலையிலும் மாலையிலும் மாவுக்கட்டின்மேல் அசைப்பானைக் கட்டிவிடுவேன். “கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருக்கு அத்தான்” என்பான். நான் அவனுக்குச் சவரம் செய்துவிட்டேன், தலை துவட்டிவிட்டேன். சதுரங்கத்தில் வேண்டுமென்றே தோற்றேன். ஒருநாள் அவன் தன் அக்காவிடம், “அத்தான் மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்?” என்றான். அன்றைக்குச் சதுரங்கத்தில் இன்னும் ஒரு ஆட்டம் சேர்த்துத் தோற்றேன்.

எலும்பு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே ஒட்டியது. அவன் நடந்தான், படியேறினான், தெருமுனைவரை ஓடிக்கூடக் காட்டினான். கப்பல்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் துறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒட்டிய எலும்பு எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று அறிய, அதை மறுபடி உடைத்துப் பார்ப்போம். முதல் தடவை உடைத்த அதே எடையைத் தாங்கிவிட்டால் எலும்பு தேறிவிட்டது என்று கணக்கு. எலியாக இருந்தால் முதலில் அதைக் கொன்றுவிட்டு, எலும்பைத் தனியாக எடுத்துவைத்து உடைப்போம். மைத்துனன் விஷயத்தில் அந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். இதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

இரண்டாவது தடவை மாடிப்படி. அதே மருத்துவமனை, அதே டாக்டர். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். அதே இடம், அதே கோடு. “படியில உருண்டவருக்கு வேற எங்கயும் ஒரு சிராய்ப்புகூட இல்லையே” என்றார். படியில் உருண்டால் எலும்பு கோணல்மாணலாக முறுக்கிக்கொண்டு உடையும் என்று எனக்குத் தெரியாதா? அப்படி அசிங்கமாக உடைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் என் மனைவியின் பக்கம் திரும்பி, “இது விழுந்து உடைஞ்சதில்லம்மா. யாரோ கருவி வெச்சு உடைச்சிருக்காங்க. அதுவும் ரொம்ப நல்ல கருவி” என்றார்.

நான், “தேங்க்ஸ், டாக்டர்” என்று சொல்லிவிட்டேன்.

வாய் தவறி வந்ததுதான். இத்தனை வருஷத்தில் அந்தத் தடுப்பை யாரும் பாராட்டியதில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவனும் பார்த்தான். மெதுவாக நல்ல காலை மட்டும் என் பக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டான். அவ்வளவு பழகியவன் அப்படிச் செய்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முடிவு என்ன ஆயிற்று என்றீர்கள். அமோகமான முடிவு. முதல் தடவை வைத்த அதே எடையை, அதே உயரத்திலிருந்து விட்டேன். எலும்பு உடையவில்லை. பழைய எலும்பைவிட ஒட்டிய எலும்பு பலமாகிவிட்டது என்று அந்த நொடியிலேயே தெரிந்துபோனது. அதற்குமேல் அறிய வேண்டியது எதுவும் இல்லை, ஆய்வு அத்தோடு முடிந்தது. அவன் காலைத் தாங்கியிலிருந்து எடுத்து, போர்வையைப் போர்த்திவிட்டு, நான் எழுந்து போயிருக்கலாம்.

இன்னும் இரண்டு கட்டிகளை ஏற்றி மறுபடியும் விட்டேன். மறுநாள் காலையில் அவனுக்குக் கப்பல், ஐயா.