மூன்று ரயிலுக்குள் வெந்த பருப்பு

துவரம்பருப்பு வேகவில்லை என்றால் புதுக் குடித்தனக்காரி விறகைத் திட்டுவாள். கொஞ்சம் விவரம் தெரிந்தவள் கடைக்காரனைத் திட்டுவாள். தண்ணீரைச் சந்தேகப்படுகிறவள் பத்தில் ஒருத்திதான் ஐயா. நான் அந்த ஒருத்தி. பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்கிறேன்.

பெயர் தங்கபுஷ்பம். மாம்பலத்துக்கு மேற்கே, ஆற்றுக்குப் போகிற வண்டிப்பாதை முனையில் ஆப்பக்கடை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளை கிடையாது. கடையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆற்றோரக் குடிசைகள், மறு பக்கம் பழைய செங்கல் சூளைப் பள்ளம். எவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் பேச்சு நின்றுவிட்டது, எவன் சம்பளத்தன்று சுற்றுவழியாக வீடு திரும்புகிறான் என்பதெல்லாம் ஒரு ஆப்பம் வேகிற நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை நான் பூட்டி வைப்பதில்லை. அது என் சுபாவம்.

தினமும் காலையில் ஆற்றோரக் குடிசையிலிருந்து தேவானை வருவாள். நாலு ஆப்பம் வாங்க வந்து ஒரு மணி நேரம் உட்காருவாள். நான் சொல்வதையெல்லாம் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் புருஷன் தங்கவேல், ஒரு கொத்தனாரிடம் சிற்றாள். மகள் ஜானுவுக்கு ஐந்து வயது. அது என் பானையில்தான் தண்ணீர் குடிக்கும்.

போன ஐப்பசி வெள்ளத்தில் குடிசைகள் மொத்தமும் ஆற்றோடு போயின. முப்பத்தோரு குடும்பம் சத்திரத்துத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் செத்து ஒதுங்கிய மாடுகளையும், ஊறி நாறிய குப்பையையும், கக்கூஸ் கழிவையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அந்தச் சூளைப் பள்ளத்தில் கொட்டினார்கள். அதன்மேல் ரயில் எஞ்சின்களிலிருந்து அள்ளிய நிலக்கரிச் சாம்பல். அதற்கும் மேல் ஒரு முழம் செம்மண். தை பிறக்கும்போது பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. விளிம்பில் பூவரசம் போத்துகள்கூட நட்டாயிற்று.

அவற்றை நட்டவர் ஓவர்சீயர் பத்ரிநாராயணன். நல்ல மனிதர், பொடி போடுவதைச் சம்சாரத்துக்கு மறைக்கிறார், அது வேறு கதை. அவர் என் கடை வாசலில் நின்றுதான் சொன்னார். "இருபது வருஷம் தோண்டின நெலம்மா. மூணு மாசத்துல மூடியாச்சு. மண்ணுக்கு அது தெரிய வேண்டாமோ? ரெண்டு மழைக்காலம் போகட்டும். அதுவரைக்கும் இந்தக் கெணத்து ஜலத்தை வாயில வெக்கப்படாது."

பள்ளத்து ஓரமாக ஒரு கிணறு எடுத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் ஆகும் என்றால் குடும்பங்களை அங்கேயே குடியேற்றுவது, ஆகாது என்றால் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கோ ஒரு பொட்டலில் இறக்கிவிடுவது என்று மேலிடத்தில் முடிவு. தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

ஆற்றோரத்து ஜனங்களுக்குப் புட்டியில் நம்பிக்கை இல்லை. அவர்கள் வழக்கம் வேறு. புதுக் கிணற்றுத் தண்ணீரில் எல்லார் கண்ணெதிரிலும் பருப்பு வேகவைப்பார்கள். ஸ்டேஷன் பக்கம் மூன்று மின்சார ரயில் கடப்பதற்குள் பருப்பு மசிந்தால் நல்ல தண்ணீர். மசியாவிட்டால் அந்தக் கிணற்றில் கால்கூடக் கழுவ மாட்டார்கள். குடிசைக்காரர்களில் பெரியவர் தணிகாசலம் என்னிடம் வந்தார். "இன்னாம்மா, நீதான் வேக வெக்கணும். எங்காளுங்க அடுப்புல வெச்சா, அவன் ஊதினான், இவ ஊதலைன்னு சண்டை வரும்."

முந்தின நாளே ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வந்து நான் தனியாக வைத்துப் பார்த்தேன். ரேஷன் காலத்தில் ஒரு பிடிப் பருப்பு வீண். ஆறு ரயில் போயிற்று, பருப்பு கூழாங்கல் மாதிரி கிடந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தேவானை வந்து மூட்டை கட்டுவதற்குப் பழைய கோணி கேட்டாள். "நாங்க அவ்ளோ தூரம் போய்ட்டா நீ யார்கிட்டக்கா பேசுவே?" என்று கேட்டுச் சிரித்தாள். கோணியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சட்டியில் பருப்போடு இரண்டு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டேன். ஆப்பக்கடைக்காரி கையில் சோடா ஒட்டியிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள். மூன்றாவது ரயில் வருமுன் பருப்பு மசிந்துவிட்டது. தேவானை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "வெண்ணெ மாதிரி கீதுக்கா." எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தரும் லாரியில் ஏறவில்லை, மூடின பள்ளத்து மேலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். ஓவர்சீயர், புட்டிக்குப் பதில் வரட்டும் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

குப்பை வண்டி ஓட்டிய மெஹபூப் அலி மட்டும் கடைக்கு வந்தான். "அக்கா, அந்தப் பள்ளத்துல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். கொட்னவன் நானு. செத்த மாடு மட்டும் பதினேழு. புள்ளகுட்டிக்காரங்க, நான் சொல்லிடறேன்."

"சொல்லு நைனா," என்றேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் குடிசைப் பக்கம் போவதற்குள் நான் போய்விட்டேன். மனைக்கு ஆசைப்பட்ட எவனோ மெஹபூபுக்குப் பணம் கொடுத்து ஆளைக் கிளப்பச் சொல்லியிருக்கிறான் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் போதும். அவன் வாயைத் திறந்ததும், "எவ்ளோ வாங்கினே பாய்?" என்று கேட்டார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. மாம்பலம் தெருக்குழாயில்தான் பிடித்தேன். ஆப்ப மாவு அந்தத் தண்ணீருக்குப் பழகிவிட்டது என்று சொன்னேன், நம்பினார்கள். ஜானுவுக்கும் என் பானையில்தான் கொடுத்தேன். அதைக் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். ஆனால் ஒரு குழந்தை நாளெல்லாம் ஆப்பக்கடையிலேயே இருக்குமா? வீட்டிலும் தாகம் எடுக்கும்.

மாசியில் காலம் தப்பி இரண்டு நாள் மழை பெய்தது. செம்மண் அங்கங்கே உள்வாங்கியது. கிணற்றில் தண்ணீர் ஏறியது, நிறம் மாறவில்லை. ஆறாம் நாள் வாந்திபேதி தொடங்கிற்று. ஆற்று நண்டு தின்றதால் வந்தது என்று நான்தான் முதலில் சொன்னேன். அதனால் இன்னும் நாலு நாள் அதே தண்ணீரைக் குடித்தார்கள். மொத்தம் பதினாலு பேர் செத்துப்போனார்கள். தங்கவேல் வியாழக்கிழமை போனான். ஜானு வெள்ளிக்கிழமை. தூக்கிப்போக ஆள் இல்லாதபோது மெஹபூப் அலிதான் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை வைக்கும்போது தன் தோள் துண்டை எடுத்து அடியில் விரித்தான்.

புட்டிக்குப் பதில் அதற்கும் பிறகு வந்தது. ஓவர்சீயரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பில்லை. பள்ளத்தில் கிடந்தது எனக்குத் தெரியும், தண்ணீர் ஆகாது என்று தெரியும், சோடா போட்டது நான், மெஹபூபின் வாயை அடைத்தது நான். முப்பத்தோரு குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்த வேண்டாம் என்றுதான் செய்தேன். மிச்சமிருந்தவர்கள் நேற்று அந்தப் பொட்டலுக்கே லாரி ஏறிவிட்டார்கள்.

தேவானை மட்டும் ஏறவில்லை. என் கடையில்தான் இருக்கிறாள். பேசுவதில்லை, சிரிப்பதில்லை, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைநாட்டு வைத்தாயிற்று என்றால் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா. நான் பிசைந்து கொடுத்தால்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். என்னை விட்டால் இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்?